கானல் சாயும் பக்கம்

தொள்ளாயிரம் மீட்டர் என்பது
லேடிஸ்மித்தில் என் மருந்துக்கடையிலிருந்து ரயில் நிலையம் வரை.
நடந்தால் பன்னிரண்டு நிமிடம்,
வழியில் யாராவது பிடித்துவைத்து
இருமலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் இருபது.
குண்டுக்கு ஒன்றரை நொடி.
அந்த ஒன்றரை நொடிக்குள் காற்று
என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளும்.

புளூம்ஃபோன்டெயின். ஏப்ரல்.
புல்லெல்லாம் காய்ந்து சாக்கு நிறம்.
பாய்மேல் குப்புறக் கிடக்கிறேன்.
புஜத்தை இறுக்கிய வார் வழியே
என் நாடி ஏறிப்போய் முன்குறியை ஆட்டுகிறது.
காலையில் இரண்டாவது காபியை
வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்.

கண்ணுக்கு ஒரு சமயத்தில் ஒரு தூரந்தான்.
பின்துளை, முன்வளையம், அப்பால் கறுப்பு வட்டம்:
மூன்றும் வேண்டுமென்றால் மூன்றும் போச்சு.
வளையம் தெளியட்டும், இலக்கு மங்கட்டும்,
அதுதான் முறை.
ஐம்பத்து மூன்று வயதில்
எனக்கு வளையமே மங்கல்.
பின்துளையை ஊசிக்காது அளவுக்குச் சுருக்கினேன்.
வெளிச்சம் போயிற்று, விளிம்பு திரும்பி வந்தது.
கடைக்காரி நான், கணக்கு சரி.

மூன்று கொடிகள்.
முதலாவது வலப்பக்கம் கை நீட்டுகிறது,
நடுக்கொடி தூங்குகிறது,
இலக்கருகே இருப்பது முற்றிலும் வேறு கதை சொல்கிறது.
தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன்.
கானல் என்றால் எங்கள் மொழியில் ஏமாற்று;
மான் ஓடிப்போய்ப் பார்க்கும், தண்ணீர் இராது.
இந்தத் திடலில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.
அது சாயும் பக்கம் காற்று போகிறது.
நேராக எழுந்து கொதித்தால்
விசையிலிருந்து விரலை எடுத்துவிடு.

எட்டு குண்டு போயிற்று, பெரும்பாலும் ஐந்து.
ஒன்பதாவதற்கு மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.
விசில்.

அறுநூறு மீட்டர் கோட்டில் ஓர் ஆமை.

குண்டு அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே பறக்கும்,
அதற்கு ஒன்றும் ஆகாது.
ஆனாலும் திடல் அதிகாரி டாவி,
நூற்றிருபது கிலோ, முழங்கால் வலி,
(என்னிடந்தான் களிம்பு வாங்கினான்)
அவ்வளவு தூரம் நடந்து போனான்.
தூக்கவில்லை.
பயந்தால் சிறுநீர் விட்டுவிடுமாம்,
மழை வரும்வரை சேர்த்துவைத்த தண்ணீர் அது.
கூடவே நடந்தான்.
ஆமை நின்றால் நின்றான்.

முப்பது துப்பாக்கிகள் வாய் திறந்து கிடக்க
நாங்கள் எல்லோரும் தொலைநோக்கியில்
ஒரு பெரிய மனிதன் ஆமை வேகத்தில்
திடலைக் கடப்பதைப் பார்த்தோம்.
புள்ளி எழுதும் லெராட்டோ மட்டும்
சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

அவன் பூட்ஸைச் சுற்றிக் கானல் கொதித்தது.
பிறகு மெல்ல, யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல்,
மறுபக்கம் சாய்ந்தது.

மறுபடி விசில்.
பக்கத்துப் பாயில் கெர்ஹார்டஸ்
ஆமைக்கு முந்தைய காற்றுக்குச் சுட்டான். இரண்டு.
நான் திருகைத் திருப்பினேன், பதினொரு சொடுக்கு;
ஒரு சொடுக்கு, அங்கே போய்ச் சேரும்போது
மூன்று விரற்கடைக்குச் சற்றுமேல்.
நான்கு. அடுத்தது ஐந்து.
மொத்தத்தில் பதினாறாம் இடம்.
யாரும் கை தட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் குழிவேலை என் முறை.
இலக்கின் அடியில் நின்றால்
முதலில் தலைக்கு மேலே சாட்டை,
அப்புறந்தான் தூரத்தில் கதவடைக்கும் சத்தம்.
சட்டகத்தை இறக்கினேன். கெர்ஹார்டஸின் கடைசிக் குண்டு.
கோட்டைத் தொட்டிருந்தால் ஐந்து.
கண்ணாடியைக் கழற்றி
மூக்கு காகிதத்தில் படக் குனிந்தேன்.
இவ்வளவு கிட்டத்தில் என் கண் யாருக்கும் சளைத்ததல்ல.
துளைக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு முடி நுழையும் வெள்ளை.

குழியில் வேறு யாரும் பார்க்கவில்லை.
காலையில் எனக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து
அந்த இரண்டாவது காபியை ஊற்றியவன் அவன்தான்.

நான்குக்கான இடத்தில் தட்டைச் செருகி
இலக்கை ஏற்றினேன்.
தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால்
அவன் என்ன சொன்னானோ,
காற்று அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.