எட்டடிக் கதவு

டேப்பை இழுத்து அளந்துவிட்டு
ராம்நாட்டுக் கடைக்காரர் பூமிபாலன் கேட்டார்:
"கீல் போட்டுத் திறக்கிறதாம்மா, தள்ளுறதா?"

பெரியபட்டினத்தில் பின்வாசல்தான் கடல் பக்கம்.
எனக்குத் தள்ளுவதில் ஆசை.
ஒரு விரல் போதும், கண்ணாடி ஓடி ஒதுங்கும்,
முள்ளித் தீவு ஒரு கரிக்கோடாய் வீட்டுக்குள் வரும்.

"ஒண்ணு சொல்லிர்றேன்," என்றார்.
"எட்டடிக்குக் காசு குடுப்பீங்க, நாலடிதான் வாசல்.
மிச்சம் கண்ணுக்கு மட்டும்."

கீழக்கரையில் நாத்தனார் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது.
வெள்ளிக்கிழமை தவறாமல்
பழைய பல் பிரஷ்ஷால் தண்டவாளத்து மணலைச் சுரண்டுவாள்.
மூன்றாம் வருஷமே ரெண்டு பேர் இழுத்தால்தான் அசைந்தது.

கீல் மட்டும் என்ன வாழ்கிறது?
உப்பு தின்னும்.
கச்சான் நாளில் கொக்கி மறந்தால்
தெருக்கோடி வரைக்கும் அறையும்.

மச்சானை நான் கேட்கவில்லை.
காதில் விழாது என்பதால் இல்லை,
கேட்காமல் இருந்து பழகிவிட்டது.
பதினோரு பாகத்தில் சங்குக்கு முங்கியபோது
இரண்டு செவியும் போனது.
அதற்கப்புறம் வீட்டில் எல்லாவற்றையும்
நானே முடிவுசெய்துவிட்டு
கையால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரோ விலைச்சீட்டை எடுத்து
எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
காரை காயாத தரையில் வெறுங்காலை ஊன்றி
எப்போதும்போல் தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்:

"ஓடுற கதவு வேணாம் அசனம்மா.
அடிக்கிற கதவுன்னா தரை சொல்லும்.
நீ வந்தியா போனியான்னு
என் முதுகுக்குத் தெரியணும்ல?"

பூமிபாலன் டேப்பைச் சுருட்டினார்.
அது போய் அடங்கிய சத்தம் ரொம்பப் பெரிதாக இருந்தது.

ரெட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது.
துருப்பிடிக்காத கீல் ஆறு,
அதற்குத் தனியாக ஆயிரத்து எண்ணூறு.
சுவரில் பித்தளைக் கொக்கி.

இது ஆனி மாசம்.
பின்வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து
முங்கப்போகிற பையன்களுக்கு
அலுமினியத் தகட்டில் கால்துடுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்.
கொக்கியை மாட்ட வேண்டும்.
சில மதியங்களில் மாட்டுவதில்லை.

இன்றைக்கும் அடித்தது.
பக்கத்து வீட்டுப் பிள்ளை வீறிட்டது.
அவர் திரும்பவில்லை,
இடதுகையை மட்டும் லேசாகத் தூக்கினார்,
வா என்பதுபோல.

நான் அடுப்படியில் இருந்தேன்.
வந்தது காற்றுதான்.

மீன் ஆணத்தை இறக்கிவைத்துவிட்டு
ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.
தரை சொன்னது
பொய்யாகிவிடக் கூடாதே.