கேஸ்

எர்ணாவூரில் ரேஷன் கார்டைத் தவிர
வேறெங்கும் நான் தேசப்பன் இல்லை.
கேஸ்.
"கேஸு, நாளிக்கு வாயேன், சில்ற இல்ல."
"கேஸுக்கு ஒரு டம்ளர் மோர் குட்றீ."
பதினோரு வருஷம், மூணு சக்கர வண்டி,
மாடி வீடென்றால் தோளில் ஒன்று.
ஸ்டேர்கேஸ் குறுகல், முட்டி சுவரில் தேயும்.
அதற்குள்ளும் ஒரு கேஸ் உட்கார்ந்திருப்பதை
நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

கடை பூட்டியபின் சந்தில் கிடைக்கும் பீர்
கேஸ் கணக்கில் வரும்.
ஏட்டய்யாவுக்கும் கேஸ் கணக்குதான்.
ஒரு மாசக் கடைசியில் ரெண்டு குறைந்ததாம்,
வண்டியை ஓரம் கட்டவில்லையென்று
என்னைக் கூட்டிப்போனார்.
"பயப்படாத. பெட்டி கேஸ்தான்."
பெட்டி எங்கே சார் என்றேன்.
ஸ்டேஷனே சிரித்தது.
நானும் சிரித்தேன், நூறு ரூபாய்க்கு.

தம்பி ஒருநாள் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தான்.
டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஹார்ட் இல்லப்பா, வெறும் கேஸ்."
அந்த ஒரு தடவைதான்
அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது.

மூணாவது மாடி மோகனாவை
"அது ஒரு மாதிரி கேஸு" என்பார்கள்.
என்ன மாதிரி என்று யாரும் சொன்னதில்லை.
தெருவிலேயே அவள் ஒருத்திதான்
சிலிண்டர் வைத்த இடத்தில் என்னை உட்காரச் சொல்லி
ஃபேனைப் போடுவாள்.

ஐப்பசி. ராத்திரி ரெண்டு மணி.
"கேஸ்! கேஸ்!" என்று தெருவே கத்தியது.
தூக்கத்தில் நான் சொன்னேன்:
"நாளிக்கு."

ஏகவல்லிதான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.
கண்ணில் சுண்ணாம்பு. தொண்டையில் யாரோ
வரமிளகாயை வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் விளக்கெல்லாம்
வழக்கம்போல அழகாக எரிந்தது.
காலி சிலிண்டரையெல்லாம் உருட்டிவிட்டு
நாலு பிள்ளைகளை வண்டியில் போட்டு
ஹைரோடு வரைக்கும் மிதித்தேன்.
அவ்வளவு லேசான லோடை
நான் அதுவரை இழுத்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் போனில் சொன்னாள்:
"முப்பத்தேழு கேஸ், மேடம்."
"..."
"கேஸ் கேஸ்."
திக்கவில்லை அவளுக்கு.
சரியாகத்தான் சொன்னாள்.

பிறகு கேஸ் போட்டோம்.
வக்கீல் ஜெயசிங் முதல் நாள் "கேஸ் நிக்கும்" என்றார்.
ரெண்டாம் வருஷம் "நிக்குதான்னு பாப்போம்" என்றார்.
எங்கள் கேஸ் நிற்கிறது, ஆமாம்,
நாங்கள் வராண்டாவில் நிற்பதுபோல.
கம்பெனி வக்கீலுக்கு நல்ல குரல்:
அன்று கேஸே வெளியே வரவில்லை,
ஆகவே இதில் கேஸே இல்லை.
வந்ததற்குச் சாட்சி கேட்டார்கள்.
காற்றைக் கையில் எடுத்து வரவா?
பின்பெஞ்சில் ரூபன் இருமினான்.
"சைலன்ஸ்" என்றார்கள்.

இங்கிலீஷில் அது ரெண்டு சொல்லாம்,
எழுத்தே வேறயாம்,
குமாஸ்தா காகிதத்தில் எழுதிக் காட்டினார்.
எனக்கு ரெண்டும் கோழி கிளறிய மண்தான்.
அவர்கள் நாக்கில் வேறுவேறாக இருக்கலாம்.
எங்கள் தெருவுக்கு
வாயிலும் ஒன்று, மூக்கிலும் ஒன்று.

வாய்தா வாங்கிய மறுநாள் வண்டி எடுத்தேன்.
பழக்கத்தில் முனையிலிருந்தே குரல் விட்டேன்:
"கேஸேய்!"
பட்பட்டென்று ஜன்னல்கள் அடைத்தன.
ரூபனின் அம்மா ஈரத் துணியோடு
பாதித் தெரு ஓடிவிட்டாள்,
திரும்பிப் பார்த்தாள்,
சிவப்பு சிலிண்டர், நான்.
சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அதிலிருந்து இந்தத் தெருவில் மட்டும்
நான் வாயைத் திறப்பதில்லை.
ஸ்பேனரால் தட்டுகிறேன். டங். டங்.
கதவைக் கொஞ்சமாகத் திறந்து
முதலில் மோந்து பார்க்கிறார்கள்,
அப்புறம் புக்கை நீட்டுகிறார்கள்.