பெல்ட்டைக் கழற்றிய இரவுகள்

ஐஸ் கம்பெனியும் எங்கள் வீடும்
கடலூர் முதுநகரில் ஒரு சந்துக்குள்
முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை.
ராத்திரி ஒன்றரைக்கு நொறுக்கி ஓடத் தொடங்கும்.
பாளத்தைக் கொக்கியால் இழுத்து
வாய்க்குள் தள்ளுவேன்.
தூளாகக் கொட்டுவதைக் குட்டியானை
துறைமுகத்துக்குக் கொண்டுபோகும்.
பதினோரு வருஷமாக
எனக்கு ராத்திரி என்றால் இதுதான்.

தை கடைசியில் பிறந்தாள் தன்ஷிகா.
எப்படித் தூங்குகிறாள் என்று நான் பார்த்ததில்லை.
விடிந்து வருவேன், கையெல்லாம் விறைத்து.
"தொடாத, சில்லுனு இருக்கும்" என்பாள் சுகந்தி.
"நல்லாத்தான் தூங்குனா."

சித்திரை இரண்டு. தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் உப்பனாற்றில்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.
பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
வீட்டுக்கு வந்து படுத்தேன்.
சரியாக ஒன்றரைக்கு
வீல் என்று ஒரு சத்தம்.

பசி என்றாள் சுகந்தி. குடித்தாள், அடங்கவில்லை.
வயிற்று உப்புசம் என்றார்கள் எதிர்வீட்டில்.
உறை விழுந்திருக்கும் என்றான்
குழந்தையே இல்லாத குட்டியானை டிரைவர்.
தோளில் போட்டு நடந்தேன்.
சந்து முப்பத்தெட்டு அடி.
திரும்பி வந்தாலும் முப்பத்தெட்டுதான்.
தூங்கிவிட்டாள் என்று பாயில் இறக்கினால்
முதுகு பாயைத் தொடுமுன் கண் திறந்துவிடும்.
சுகந்தியும் நானும்
அந்த வாரம் பேசிக்கொண்டதெல்லாம்
"உன் முறை", "உன் முறைதான்."

பதினோராம் நாளோ பன்னிரண்டோ,
சாக்கடை வேலைக்கென்று நடுராத்திரியில்
சந்து முனையில் லாரி ஜல்லி கொட்டியது.
வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.
திட்டி முடித்துத் தோளைப் பார்த்தால்
வாய் பிளந்து தூங்குகிறாள்.

அப்போதுதான் உறைத்தது.
வயிற்றுக்குள் இருந்த நாள் முதல்
இவள் கேட்டுக்கொண்டிருந்தது என் மிஷினை.
சத்தம் இவளை எழுப்பவில்லை,
சத்தம் நின்றதுதான்.

மறுநாள் வாயாலேயே ஓட்டினேன்:
க்ர்ர்ர் ஷ்ர்ர்ர், க்ர்ர்ர் ஷ்ர்ர்ர்.
"கம்பெனியத் திறந்துட்டியா?" என்று
இருட்டில் சிரித்தாள் சுகந்தி.
அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஊசி போடப் போன இடத்தில்
நர்ஸ் ஆரோக்கியசெல்வி கேட்டுவிட்டுச் சொன்னார்:
"மிஷின் மட்டும் போதாதுங்க.
பகல்ல வெளிச்சத்துல வெச்சு விளையாடுங்க.
ராத்திரி லைட்டப் போடாதீங்க.
கண்ணு சொருகும்போதே படுக்க வெச்சிடுங்க,
மல்லாக்க, தலகாணி இல்லாம.
எழுந்தா பால் குடுங்க, துணி மாத்துங்க.
கொஞ்சாதீங்க."

எல்லாம் செய்தேன்.
கடைசிதான் ஆகவில்லை.
ரெண்டு மணிக்கு, தெருவிளக்கு
ஜன்னலில் ஒரு கீற்று விடும்.
அதில் என் முகத்தைத் தேடிப் பிடித்துச்
சிரிப்பாள், பல்லில்லாத வாய் முழுக்க.
பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.
பாளம் அம்பது கிலோ.
அது லேசு.

வைகாசியில் ஒரு நாள் மூணு வரை தூங்கினாள்.
மறுநாள் பதினொண்ணுக்கே எழுந்து உட்காரவைத்தாள் எங்களை.
அப்புறம் மூணு. அப்புறம் மூணரை.
என் ஷ்ர்ர்ர் தேய்ந்து தேய்ந்து
மூச்சளவுக்கு வந்திருந்தது.

தடை முடிந்த ராத்திரி
பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்தேன்.
துறைமுகத்தில் வெடிச் சத்தம்; டீசல் வாசனை சந்து வரைக்கும்.
ஒன்றரைக்கு நொறுக்கி உறுமியது.
சுவருக்கு அந்தப் பக்கம்
பாயும் அவளும் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே
பாளம் தள்ளினேன்.

மூணு மணி வாக்கில்
பழைய பெல்ட் நழுவிவிட்டது.
சட்டென்று எல்லாம் அமைதி.
கொக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.
ஈரச் சுவரில் காதை வைத்தேன்.
வாய் தானாகவே குவிந்து தயாராக இருந்தது.
குட்டியானை டிரைவர் என்னையே பார்க்கிறான்.

ஒன்றும் கேட்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
அழவே இல்லை.

எதற்கென்று தெரியாத ஒரு ஏமாற்றம்.
"அண்ணே, லோடு" என்றான் அவன்.
பெல்ட்டை ஏற்றினேன்.