மூன்று நூல்

வாங்கும்போதே தெரியும்.
ஒரு கிலோ நூறு கிராம்,
மடித்தால் முழங்கை நீளம்,
கால்களில் ஒரு குறையும் இல்லை.
தலைதான் பிளாஸ்டிக்.

எவ்வளவு இறுக்கினாலும்
கேமரா ஏறியதும் மெல்லக் குனியும்,
மேனேஜர் பேசும்போது நான் குனிவதுபோல,
எதற்கென்று தெரியாமலே.
முப்பது நொடி ஷட்டரைத் திறந்துவைத்தால்
சொஹார் துறைமுகத்து விளக்கெல்லாம்
சளிப்பிள்ளை மூக்காய் ஒழுகியிருக்கும்.

புதுசு வாங்கிவிடேன் என்றார் செய்தலி.
கால்கள் என்ன பாவம் செய்தன?

அந்தத் தலையைக் கழற்றவே ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று.
கழற்றக் கூடாதென்றே ஒட்டியிருந்தார்கள்.
இஸ்திரிப் பெட்டியை மல்லாத்திப் பிடித்து
பசை இளகும்வரை காட்டினேன்.
அறையெங்கும் மீன் வாடை.
செய்தலி எழுந்துபோய்
அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.
இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்,
கடக்.
விட்டது பசையா, ஒடிந்தது கழுத்தா என்று
ஒரு நிமிஷம் நான் பார்க்கவே இல்லை.

புதுத் தலை
மணிலாவுக்குத் திரும்பிய ரொடெலிடம் எட்டு ரியாலுக்கு வாங்கியது.
அலுமினிய உருண்டை. நானூற்று முப்பது கிராம்.
அதன் அடியில் மூன்று நூல் துளை,
என் கால்களின் உச்சியில் இரண்டு நூல் திருகு.

சனையாவில் லேத் வைத்திருக்கும் குல்ஸமான்
இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
தோ ஸூத், தீன் ஸூத் என்றார்.
அந்தச் சொல் என் காதில் வேறு மாதிரி விழ
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
பிறகு புரிந்தது.
அவர் ஊரிலும்
அங்குலத்தை எட்டாய்க் கிழித்தால் நூல்தான்.
பெஷாவருக்கும் விருதுநகருக்குமாய்
எவனோ ஒரே பஞ்சை நூற்றிருக்கிறான்.

பித்தளைத் துண்டொன்றைக் கடைந்தார்.
உள்ளே இரண்டு, வெளியே மூன்று.
மஞ்சள் தூள் அவர் முன்கை மயிரில் ஒட்டியது.
கூலி கேட்டேன்.
டீ வாங்கிக் கொடு, போதும்.

மாட்டியாயிற்று.
விரல் வைத்து அழுத்தினேன், அசையவில்லை.
கடற்கரையில் முதல் இரவு
காற்று ஒரு தட்டுத் தட்டியது.
மூன்று காலும் மேலே, கேமரா மணலில்.
தலைக்கனம் என்று
சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் ஹாக்ஸாவால்
நடுத்தண்டைப் பாதியாய் அறுத்தேன்.
அடியில் ஓர் எஸ் கொக்கி,
கொக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்.
எடை குறைவென்றுதானே வாங்கினாய் என்றார் செய்தலி.
நான் பிடித்த முயலுக்கு
உண்மையிலேயே மூன்று கால்தான் என்றேன்.

ஏசியிலிருந்து வெளியே வந்த லென்ஸ்
அரைமணி நேரம் வியர்த்தது.
துடைக்காமல் காத்திருந்தேன்.
பிறகு முப்பது நொடி.

கரை விளக்கு, கிரேன் நுனிச் சிவப்பு,
பள்ளிவாசல் மினாராவின் பச்சை,
எல்லாம் ஊசி குத்திய இடத்தில் நின்றன.
தூரத்தில் முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் மட்டும்
பக்கவாட்டில் லேசாய் இழுபட்டிருந்தன.
பழைய தலையைத் திட்ட வாயெடுத்தேன்.
அது அங்கே இல்லை.
நங்கூரம் போட்ட பிறகும்
கப்பல் ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்பது
எட்டு மாதமாய் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.
அதற்கு எந்த சனையாவிலும் புஷ் கிடையாது.

பழைய தலையைச் செய்தலி கேட்டு வாங்கிக்கொண்டார்.
கட்டில் கம்பியில் திருகி, போனை மாட்டி,
இரவு எட்டுக்குக் காயல்பட்டினத்தைக் கூப்பிடுகிறார்.
முகத்தில் தொடங்கும் படம்
தாடிக்கு இறங்கி, பனியனுக்கு இறங்கி,
கடைசியில் தட்டிலிருக்கும் குப்பூஸில் வந்து நிற்கும்.
வாப்பா, முங்குறீங்க, முங்குறீங்க
என்று அங்கே ஒரே கூச்சல்.
ஒரு விரலால் தூக்கிவிடுவார்.
மறுபடி குனியும்.

இறுக்கித் தரவா என்று கேட்டேன்.
வேண்டாமாம்.
தட்டைப் பார்த்தால்தான்
சாப்பிட்டதை நம்புகிறாளாம் மகள்.