முப்பத்தொன்றாம் ஆள்

என் வேலை எளிது.
மனிதர்கள் எதற்காக எழுந்திருக்கிறார்கள் என்று
ஒரு சமன்பாடு எழுத வேண்டும்.
அதை எழுத நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரம்
உட்கார்ந்திருக்கிறேன்,
மண்டபம் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு வாடகை அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

நாற்பத்தாறு பேர்.
ஒவ்வொரு தொடையிலும் தீப்பெட்டியளவு ஒரு கருவி.
உட்கார்ந்தால் படுக்கும், எழுந்தால் நிமிரும்.
அரை மணிக்கொரு தரம் அவர்கள் கைபேசி அதிரும்:
'கொஞ்சம் எழுந்து நடக்கலாமே.'
அந்த 'லாமே'வுக்கு மூன்று வாரம் யோசித்தேன்.
'நடங்கள்' என்றால் அதட்டல்.
'நடக்கலாம்' என்றால் யாருக்கோ சொன்னதுபோல் இருக்கும்.

முதல் வாரம் எழுந்தார்கள்.
இரண்டாம் வாரம் எழுந்துபோய்க்
கைபேசியைத் தூர வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.
அதையும் ஓர் எழுச்சி என்றே எண்ணியது கருவி.
மூன்றாம் வாரம் என் கோடு
ஆனி மாத வடகடல் மாதிரி
அலையில்லாமல் கிடந்தது.

முப்பத்தொன்றாம் ஆளுடையதைத் தவிர.

சூசை பெர்க்மான்ஸ், ஐம்பத்திரண்டு வயது,
விசைப்படகுகளுக்கு டோக்கன் எழுதுகிறவர்.
படகு போகும் நாளில் இருக்கையைவிட்டு அசைய வழியில்லை.
ஆனாலும் பத்தொன்பது முறை, இருபத்திரண்டு முறை,
ஒரு புதன்கிழமை முப்பத்துநான்கு முறை
எழுந்திருக்கிறார்.
ஊக்கம், வசதி, பழக்கம் என்று நான் வரைந்த
எந்தப் பெட்டிக்குள்ளும் அவர் இறங்கவில்லை.
எல்லாப் பெட்டியும் போக மீதத்துக்கு
ஓர் எழுத்து உண்டு என் சமன்பாட்டில்,
தெரியாததைக் கொட்டும் குப்பைக்கூடை.
அவர் முழுக்க அதற்குள் இருந்தார்.

நேரில் போனேன்.
மேற்கு ஜன்னலுக்குக் கொண்டி உடைந்திருந்தது.
கச்சான் வீச, கதவு சுவரில் அறைய, தாள்கள் பறக்க,
எழுந்து சாத்தி, செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு
வந்து உட்காருவார்.
செங்கல் நகரும்.
"வருசக்கணக்கா இப்படித்தான் மேடம்.
எழுதிப் போட்டிருக்கேன், வருவாங்க."
சாத்துகிற சாக்கில் ஒரு நிமிஷம் நின்று
யார் படகு அணையுது என்று பார்த்துக்கொள்வாராம்.

வாசலில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நம்புச்செல்வி
"அவருக்குக் கட்டினத எனக்கும் கட்டேங்கா" என்றாள்.
தினம் ஆறு மணி நேரமாவது உட்காருகிறவர்களுக்குத்தான் என்றேன்.
அவள் சம்மட்டியை நிறுத்தவில்லை.
"அப்ப என்னைய ஒரு வருசம் உக்கார வச்சிட்டு
அப்புறம் வந்து கட்டு."

அறைக்கு ஓடிவந்து
(ஓடி அல்ல, ஆட்டோவில்)
சமன்பாட்டில் காற்றைச் சேர்த்தேன், வேகம், திசையோடு.
கோடு அவர்மேல்
அளவெடுத்த சட்டைபோல் உட்கார்ந்தது.
விடியும்வரை கொண்டாடினேன்,
நானும் உட்கார்ந்தபடியே.

பாதி ஆய்வில் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.
அடுத்த மாதம்
முப்பத்தொன்றாம் கோடு படுத்துவிட்டது.
உடம்புக்கு ஏதுமோ என்று போன் செய்தேன்.

"நல்லாருக்கேன் மேடம்.
உங்க காசுல கொண்டி மாத்திட்டேன்.
இப்பத்தான் நிம்மதியா உக்கார முடியுது."

நான் பேசாமல் இருந்தேன்.
அறிக்கையில் இதற்கு எந்தக் கட்டம்?
வெளியே பாம்பனுக்கு ஒரு ரயில் மெதுவாகப் போயிற்று.

அவரும் வைக்கவில்லை.
"ஐப்பசி வரட்டும்" என்றார்,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.
"வாடைக்கு வடக்கு ஜன்னல்.
அதுக்குக் கொண்டியே கெடையாது."