தொட்டிக்குள் புளி ஐஸ்

மெக்சிகாலியில் ஜூலை.
நிழலிலேயே நாற்பத்தேழு டிகிரி.
கதவுக் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொடுவோம்.

எங்கள் கூடாரத்துக்குள் மண் கிடையாது.
ஆயிரத்து இருநூறு லெட்யூஸ்கள்
தெர்மோகோல் பலகைத் துளைகளில் இடுப்பைச் செருகித்
தண்ணீரில் கால் நனைத்து நிற்கின்றன.
பார்க்க வருகிறவர்கள் பொறாமைப்படுவார்கள்:
"கொடுத்துவைத்த செடிகள், இந்த வெயிலில் குளியல்."

தண்ணீருக்குள்ளும் மூச்சு என்று ஒன்று உண்டு.
சூடேறச் சூடேற அது நழுவிவிடும்,
பந்தி முடியுமுன் செருப்பைத் தேடும் உறவினர் மாதிரி.
வேருக்கோ சூட்டில்தான் அதிகம் மூச்சு வாங்கும்.
வரவு குறைந்த மாதத்தில்தானே
வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வருகிறது.

இலை கடைசிவரை பொய் சொல்லும்.
உச்சிவேளையில் லேசாகத் தலை தொங்கும்,
மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்துகொள்ளும்.
அதனால் நான் இலையிடம் எதுவும் கேட்பதில்லை.
பலகையைத் தூக்கி அடியைப் பார்ப்பேன்.
நூல்கண்டு அவிழ்ந்த வெள்ளை என்றால் நல்லது.
தேநீர் நிறம் என்றால் ஒரு வேரை விரலால் உருவுவேன்.
மேல்தோல் கழன்று கையோடு வந்து
நடுவில் மயிரிழை மட்டும் மிஞ்சினால்
அந்தச் செடி முடிந்தது,
மேலே அது எவ்வளவு பச்சையாகச் சிரித்தாலும்.
வாடை பற்றிக் கேட்காதீர்கள்.
ஒரு மாதம் மறந்துபோன பூச்சாடி, அவ்வளவுதான்.

அன்று நாலு பத்துக்கு மின்சாரம் போனது.
காற்று மோட்டார் நின்ற பிறகுதான்
இத்தனை நாள் அது உறுமிக்கொண்டிருந்ததே காதில் விழுந்தது.
குமிழிகள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்தின.
வெப்பமானியில் இருபத்துமூன்று.
ஆறு மணிக்கு இருபத்தேழு.

முதலாளி பல்தொமேரோ கடற்கரை ஊரில் இருந்தார்.
போனில் அவர் குரலுக்குப் பின்னால் அலை.
"தண்ணீரை அசைத்துக்கொண்டே இரு, ஒப்துலியா."
ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பதாகச் சொன்னதும்
இதே குரல்தான்.

நானும் எலிகியோவும் முக்காலி மேல் ஏறினோம்.
வாளியில் மொண்டு தோள் உயரத்திலிருந்து ஊற்றினோம்.
விழுகிற தண்ணீர் வழியில் கொஞ்சம் காற்றை
மடியில் கட்டிக்கொண்டு போகும்.
ஆற்றினோம். கை மாற்றி ஆற்றினோம்.
எலிகியோ எண்ணிக்கொண்டே வந்தான்,
நானூறுக்கு மேல் எண் அவனுக்கு வசைச்சொல்லானது.
இருபத்தொன்பது.

எட்டு மணிக்கு எதிர்க்கடை நிக்கனோர்
தள்ளுவண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தார்.
அவருடைய குளிர்பெட்டியும் செத்துவிட்டது.
"எப்படியும் உருகத்தான் போகிறது,
உன் தொட்டியில் உருகட்டுமே."

அறுநூறு குச்சி ஐஸ்.
மிளகாய்த்தூள் போட்ட மாம்பழம், செம்பருத்தி,
பாதிக்கு மேல் புளி.
ஒரு சொட்டுச் சர்க்கரை கசிந்தாலும்
அழுகலுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.
இரட்டைப் பை, இறுக்கி மூன்று முடிச்சு.
வெளிச்சத்துக்கு என் போன்,
அதிலும் பதினொரு சதவீதம்.
வேர்களுக்கு நடுவே பழுப்பு, சிவப்பு, மஞ்சளாகப்
பைகள் மிதந்தன.
நிக்கனோர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்,
செடிக்கா சரக்குக்கா, தெரியாது.

இருபத்தாறு வரை இறங்கியது.
மறுபடி வாளி.

மூன்றே முக்காலுக்கு மோட்டார் இருமியது.
முதல் குமிழி மேலே வந்து உடைந்தபோது
யாரும் எதுவும் பேசவில்லை.
எலிகியோ தரையிலேயே படுத்துவிட்டான்.

ஏழாவது வரிசை பிழைக்கவில்லை.
வியாழக்கிழமை அறுபத்துநான்கு செடிகளைப் பிடுங்கி
தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டேன்.
மற்றவற்றின் பழைய வேர்கள் கறுத்தே இருந்தன.
கழுத்தருகே மட்டும் புதிதாக
அரை விரல்கடை வெள்ளை.

பைகளை என்ன செய்வதென்று கேட்டான் எலிகியோ.
ஒன்றைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.
புளித்தண்ணீர், வெதுவெதுப்பாக.
குடித்தோம்.