சங்கிலி

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில்
கக்கூஸ் தண்ணீர்த்தொட்டி உச்சியில் இருந்தது.
இரும்பு. பச்சைப் பெயின்ற்.
வயிற்றில் புடைப்பெழுத்தில் ஏதோ ஒரு குளிர்நாட்டு ஊரின் பெயர்.
அதிலிருந்து ஒரு சங்கிலி, நுனியில் மரப்பிடி.
இழுத்தால் முதலில் செருமும்.
பிறகுதான் தண்ணீர்.

சட்டம் ஒன்று இருந்தது, யார் போட்டது என்று கேட்காதீர்கள்:
செருமலுக்கும் தண்ணீர் ஓய்வதற்கும் இடையில்
குசினியைத் தாண்டி, அரிசி வாளியைத் தாண்டி,
அம்மாவின் தையல் மெஷினைத் தொட்டுவிட வேண்டும்.
தொடாவிட்டால் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியாது.
தெரியாததால்தான் ஓடினேன்.

பத்தொன்பது எட்டு. ஈரக்கால்.
ஒருமுறை வழுக்கி நாடி பிளந்தது.
களுபோவில ஆஸ்பத்திரியில் மூன்று தையல்.
"ஏனடி ஓடினனீ?" என்று கேட்டா அம்மா.
"சும்மா."
டொக்டர் அதையே சிங்களத்தில் கேட்டார்.
"நிக்கங்" என்று அம்மா
என் பொய்யை மொழிபெயர்த்துக் கொடுத்தா.

அப்பா ஓடாதவர்.
கரப்பானை வெறுங்காலால் மிதிப்பார்.
கரண்ட் போன இரவுகளில் மெழுகுதிரி தேடாமலே
வீடு முழுக்க நடப்பார், எதிலும் இடிபடமாட்டார்.
பெரியவர்களுக்குப் பயம்
பால்பல் மாதிரி விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.
எந்தக் கூரையில் எறிவார்கள் என்பதுதான்
அப்போது எனக்கிருந்த யோசனை.

வாசற்கதவிலும் ஒரு சங்கிலி.
மெல்லியது, பித்தளை, ஒரு உதைக்குத் தாங்காது.
இரவில் அப்பா அதை மாட்டுவார். படுப்பார்.
எழும்பிப் போய், மாட்டியதைத் தொட்டுப் பார்ப்பார்.
திரும்பவும் படுப்பார்.
சாதாரண நாட்களில் மூன்று தரம்.
லேனுக்குள் ஒரு ஜீப் திரும்பினால்
கணக்கில்லை.
நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்து
அந்தக் கிலுங்கலை விரலால் பொத்தித்தான் தொடுவார்.
நான் எண்ணிக்கொண்டு கிடப்பேன்.
அவருக்கும் தொடவேண்டிய மெஷின் ஒன்று இருந்ததென்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.
காவல் என்றே நினைத்தேன்.
நன்றாகத் தூங்கினேன்.

இப்போது ஏழாம் மாடியில் இருக்கிறேன்.
கீழே மரைன் டிரைவ், அதற்கங்கால் தண்டவாளம், பிறகு கடல்.
கோச்சி போனால் அலுமாரிக் கண்ணாடிகள் கொஞ்சம் பேசும்.
வங்கியில் என் கையெழுத்துக்காகப் பதினொரு பேர் காத்திருப்பார்கள்.
ஸ்கான் அறையில், அந்தக் குழாய்க்குள்,
நாற்பது நிமிஷம் தனியே கிடந்திருக்கிறேன்.
பதிலுக்கு ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறேன், ஒருவருக்கும் சொல்லாமல்.
கக்கூஸில் இப்போது சங்கிலி இல்லை.
ஒரு பொத்தான், அதுவும் இரண்டு பாதி.
அழுத்திவிட்டு நான் வெளியே வரும் வேகத்தைப் பார்த்தால்
நீங்கள் சிரிப்பீர்கள்.

வினுஜன் சிரித்தான். ஏழு வயது.
"என்னம்மா அவசரம்?"
"சும்மா."
அவனுக்குப் பல்லிப் பயமில்லை, இருட்டுப் பயமில்லை.
லிஃப்ட் இடையில் நின்றால் கைதட்டுவான்.
பிறகு உனக்கு எதற்குத்தான் பயம் என்று
ஒருநாள் தலை துவட்டும்போது கேட்டேன்.
துவாய்க்குள் இருந்து சொன்னான்:
"நீங்கள் போனைக் காதில வச்சுக்கொண்டு
ஒண்டும் பேசாமல் நிக்கிறது."

துவட்டினேன்.
காய்ந்த பிறகும் துவட்டினேன்.

எங்கள் கதவில் இலக்கப் பூட்டு.
பூட்டினால் தானே சொல்லும், சின்னப் பச்சை வெளிச்சத்தில்.
கம்பனிக்காரன் ஐந்து வருஷ உத்தரவாதம் தந்தவன்.
நேற்றிரவு அதைத் தொட்டுவிட்டு
வெறுங்காலில், ஓசையில்லாமல்,
அவன் அறையைக் கடக்கிறேன்.
இருட்டுக்குள் இருந்து குரல்:

"மூண்டு."

நாலாம் தரம் எழும்புவதா விடுவதா என்று
முதல் கோச்சி போகும்வரை
கிடந்தேன்.